இந்த ஆண்டு தேன்சிட்டு இல்லை

ஜனவரி 3, சனி

இந்த ஆண்டின் பறவைக் கணக்கெடுப்பு இன்று தொடங்கியது. தொடக்கமே சரியில்லை.

இருட்டோடு கிளம்பினோம், நானும் ரோஸ்லின் டீச்சரும். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கொடிப்பாறைப் பள்ளியில் அறிவியல் நடத்துபவர் அவர்தான். காப்பித் தோட்டங்களைத் தாண்டிச் சோலைக்குள் நுழைந்தால் ஓடைப் பாலம், நாவல் மரம், வழுக்குப்பாறை என்று நிற்கும் இடங்கள் எல்லா ஆண்டும் ஒன்றேதான். ஒவ்வோர் இடத்திலும் பேசாமல் நின்று, கண்டதையும் கேட்டதையும் குறிக்க வேண்டும். சோலையில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். கூட்டம் நிறைந்த பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் தெரியமாட்டார்; ஆனால் எங்கே நிற்கிறார் என்று விசில் சொல்லிவிடும். அப்படித்தான்.

காட்டுக்கோழி இருந்தது. குக்குறுவான் இருந்தது. செம்போத்து, மலைப்புறா எல்லாம் இருந்தன. செம்முதுகுத் தேன்சிட்டு மட்டும் இல்லை.

கட்டைவிரல் அளவுப் பறவை. ஆணின் முதுகு நாவற்பழத்தைப் பிசைந்து பூசியதுபோல் இருக்கும், வயிறு மஞ்சள். இந்த மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. எங்கள் கணக்கில் முதலில் எழுதும் பெயர் அதுதான்.

நாவல் மரத்தடியில் டீச்சர், "சார், மேல ஏதோ கீச்சுன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு" என்றார்.

"'மாதிரி' கணக்கில வராது டீச்சர். பரீட்சையில பையன் 'விடை ஏழு மாதிரி இருக்கு'ன்னு எழுதினா மார்க் போடுவீங்களா?"

சிரித்துவிட்டுப் பென்சிலை இறக்கிக்கொண்டார். நல்ல பெண். ஆனால் இந்தக் காலத்து ஆசிரியர்கள் வாயைத் திறந்து பேசுவதில்லை. பாதி சொல் பல்லுக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

ஜனவரி 5, திங்கள்

கோவையிலிருந்து மகள் அனுப்பிய கைக்கடிகாரம் பயனற்றது. நாலரைக்கு எழுப்புமாம். எழுப்பவில்லை. நானாக விழித்துப் பார்த்தபோது மணி ஐந்து. மனைவி வள்ளிமயில் எனக்கு முன்பே எழுந்து, தூக்கம் கெட்ட முகத்தோடு கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

களத்தில் காப்பிப் பழம் காயப்போட்டிருக்கிறோம். நாள் முழுக்கக் கிளறிவிட்டதில் இடுப்பு கழன்றுவிட்டது. மாலையில் நாளிதழ் படிக்க உட்கார்ந்தால் வள்ளிமயில் எதிரே வந்து வெளிச்சத்தை மறைத்து நிற்கிறாள். கொஞ்ச காலமாக இந்தப் புதுப் பழக்கம். உப்பு இல்லை என்பதைச் சொல்லக்கூட நேர் எதிரே வந்து நிற்க வேண்டும் அவளுக்கு. சமையலறையிலிருந்தே சொல்லக் கூடாதா?

ஜனவரி 10, சனி

இரண்டாம் நடை. தேன்சிட்டு இல்லை.

ஜனவரி 11, ஞாயிறு

காரணத்தை யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசிக்கவே தேவையில்லை, வேலிக்கு அப்பால் பார்த்தால் போதும்.

பக்கத்துத் தோட்டம் குழந்தைவேலுடையது. வேலி ஓரத்தில் அவனுக்குப் பெரிய முள்முருங்கை ஒன்று இருந்தது. தை மாதம் இலையெல்லாம் உதிர்ந்து, மரம் முழுக்கச் சிவப்பாகப் பூத்து நிற்கும். தேன்சிட்டுகள் அதில்தான் விழுந்து கிடக்கும். என் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்த மரம். போன ஆடியில் வெட்டிவிட்டான்.

எங்கள் ஊர்க் காப்பியை 'நிழல் காப்பி' என்ற பெயரில் ஒரு குழுவாகச் சேர்ந்து விற்கிறோம். மரத்தை வெட்டக் கூடாது, விஷம் தெளிக்கக் கூடாது என்பது குழுவின் விதி. மீறுகிறவர் காப்பியைக் குழு எடுக்காது. விதியைக் காப்பாற்றுகிறோம் என்பதற்கு ஆண்டுதோறும் என் பறவை அறிக்கைதான் சாட்சி. வாங்குகிறவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்.

அப்படிப்பட்ட அறிக்கையில் தேன்சிட்டுக்கு நேரே முட்டை போடுவதா?

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். குழந்தைவேல் மலைவாழைத் தார் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். வழக்கமாக வருவதுதான். "வீட்டில நிறைய இருக்கு" என்றேன். ஒரு சீப்புகூட இல்லை என்பது அவனுக்கும் தெரியும். தாரை இறக்காமலே திரும்பிப் போனான். வள்ளிமயில் மாலைவரை என்னிடம் பேசவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

இருட்டும் நேரத்தில் வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. சில்வண்டுகள் இல்லை. இந்த மலையில் பிறந்து வளர்ந்தவன் நான். பொழுது சாய்ந்தால் ஊரையே ரம்பத்தால் அறுப்பதுபோலக் கத்தும் பூச்சிகள். ஒன்றுகூட இல்லை. அப்படி ஓர் அமைதி.

இரண்டும் இரண்டும் நாலு. குழந்தைவேல் முந்தாநாள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாளியும் கையுமாகக் காப்பிச் செடிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து போனதை என் கண்ணால் பார்த்தேன். முதலில் பூச்சி சாகும். பூச்சி இல்லாமல் குஞ்சுக்கு இரை இருக்காது. பிறகு பறவை. எட்டாம் வகுப்புப் பாடம் இது.

ஜனவரி 24, சனி

மூன்றாம் நடை, கடைசி நடை. இல்லை.

டீச்சர் மறுபடியும் ஏதோ சொல்ல வந்தார். "உறுதியா?" என்று கேட்டேன். "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார். "பத்து வருசமா உங்க பின்னாடி நடந்துதானே கத்துக்கிட்டேன்."

திரும்பும் வழியில் வேலியருகே குழந்தைவேல். பேசக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

"மரத்தை ஏன்யா வெட்டுன?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆடியில வெட்டுனதுக்குத் தையில வந்து கேக்குறியா? இலையெல்லாம் கொப்புளம் கொப்புளமா வந்து செத்துப்போச்சு வாத்தியாரே. நட்டமா நின்ன பொணத்தைத்தான் வெட்டுனேன்."

"வாளியில என்ன கொண்டுபோன?"

"பாயசம்."

"விளையாடாத. சில்வண்டுகூட மிச்சமில்ல உன்னால."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "சில்வண்டு இல்லையா? என்னய்யா பேசுற? ராத்திரி தூங்க விட மாட்டேங்குது!"

பச்சையாகப் பொய் சொல்கிறவனிடம் என்ன பேசுவது? வந்துவிட்டேன்.

ஜனவரி 27, செவ்வாய்

அறிக்கை எழுதி முடித்தேன். கூடவே ஒரு வரைபடம். நான்கு ஆண்டுகளுக்கு முன் பதினொரு தேன்சிட்டு. பிறகு எட்டு, ஐந்து, இரண்டு. இந்த ஆண்டு முட்டை. மாடிப்படி இறங்குவதுபோல் இறங்குகிறது. முதல் நான்கு படிகளை ஏற்கெனவே பெரிய அட்டையில் வரைந்து பள்ளிச் சுவரில் மாட்டியிருக்கிறோம். 'நம் தேன்சிட்டு குறைகிறது' என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.

காரணம் என்ற இடத்தில் குழந்தைவேல் பெயரை எழுதினேன். எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

குழுக் கூட்டம். என் அறிக்கையைத் தலைவர் வாசித்தார். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. "வாத்தியார் எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்" என்றார்கள். குழந்தைவேல் எழுந்து ஏதோ சொன்னான். பின் வரிசையிலிருந்து பேசியதால் சரியாகப் பிடிபடவில்லை.

முடிவு பதினைந்தாம் தேதி. அதுவரை அவன் மூட்டைகள் பொது லாரியில் ஏறாது. நீக்கிவிட்டால் ஒரு வருட உழைப்பைக் கீழே கொண்டுபோய்க் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். என்ன தெளித்தான் என்பதற்கு மாதிரி ஒன்று கொண்டுவாருங்கள் என்று தலைவர் என்னிடம் சொன்னார்.

பிப்ரவரி 4, புதன்

வள்ளிமயிலுக்குக் காய்ச்சல். புது வெப்பமானியை வாயில் வைத்தேன். அளந்து முடித்ததும் சத்தம் கொடுக்குமாம். கொடுக்கவே இல்லை. அவளே வாயிலிருந்து எடுத்து, "நூறு" என்றாள். இந்த வீட்டுக்கு வரும் கருவி எதுவும் வேலை செய்வதில்லை.

வத்தலக்குண்டுக்கு மாத்திரை வாங்கப் போனபோது கடிகாரத்தையும் காட்டினேன். கடைக்காரன் காதருகே வைத்து, "நல்லாத்தானே அடிக்குது சார்" என்றான். கடைக்காரர்களுக்கும் ஒரு கூச்சம் வேண்டாமா?

பிப்ரவரி 7, சனி

மாதிரி எடுக்கக் குழந்தைவேல் வீட்டுக்குப் போனேன். அவன் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன், அதையும் எழுதிவிடுகிறேன். அவன் மனைவி பேச்சியம்மா துவைகல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. சுவரோரம் இருந்த வாளியைக் கைகாட்டி, "அதுதான். தண்டுல பூச்சி துளைக்காம இருக்க அடிச்ச சுண்ணாம்பு. எடுத்துக்கிட்டுப் போங்க, மிச்சத்தை வெத்தலைக்குத் தடவிக்கலாம்" என்றாள்.

விரலால் தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்புதான்.

துவைத்த தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு வாழை, பூ தள்ளி நின்றது. அந்தப் பூவின் மேல் ஓர் ஆண் செம்முதுகுத் தேன்சிட்டு. கை நீட்டினால் தொடலாம். மடலுக்குள் அலகை விட்டுக் குடித்தது. பிறகு துணிக்கொடியில் வந்து உட்கார்ந்தது.

பேச்சியம்மா துணியை ஓங்கி அடித்தாள். "ஏய், நிறுத்து! விடிஞ்சதுல இருந்து ஒரே கத்து. காதைக் குடையுது." என்னிடம் முகம் கொடுக்காமல் இருந்தவள், தன்னை மறந்து திரும்பினாள். "இத்தினியூண்டு உடம்புக்கு எம்புட்டுச் சத்தம் பாருங்கய்யா!"

பறவையின் அலகு திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. தொண்டை துடித்தது. வால் ஒவ்வொரு முறையும் ஆடியது.

"ஆமா" என்றேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

நேற்று காற்று எதிர்த்திசையில் வீசியது. அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 9, திங்கள்

துணி அடிக்கும் சத்தம் கேட்டதே. பேச்சியம்மா பேசியது கேட்டதே. அதே காற்றுதானே.

களத்தில் காப்பியை மூட்டை கட்டினோம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

வள்ளிமயில் தோட்டத்துக்குப் போன நேரத்தில் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் கழித்து அடிக்கும்படி வைத்து, கண்ணெதிரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நேரம் வந்ததும் அதன் முகத்தில் மணிப் படம் விட்டு விட்டு மின்னியது. காதில் வைத்து அழுத்தினேன். மின்னிக்கொண்டே இருந்தது.

சோற்றுக்கு உட்கார்ந்தபோது கேட்டேன். "இந்தக் கடிகாரம் அடிக்குதா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். நேர் எதிரே உட்கார்ந்துதான் இருந்தாள்.

"தினமும் அடிக்குது. நான்தான் அமத்துறேன்."

"எப்ப இருந்து?"

"கடிகாரம் இப்ப வந்தது. நீங்க ரெண்டு மூணு வருசமாவே இப்படித்தான். பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டீங்க. அதான் எதுக்க வந்து நின்னு பேசுறேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சோலைக்குப் போறதை விட்ருவீங்க. அதை விட்டுட்டு இந்த வீட்டுக்குள்ள உங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுறது?"

அவள் மேல் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் அவள் மேல் வந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

திண்டுக்கல் ஆஸ்பத்திரி. ஒரு பெட்டி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். தடித்த சத்தமெல்லாம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. முடிந்துவிட்டதா என்று கேட்கத் திரும்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்யும் பெண் சத்தம் அனுப்பும் பொத்தான்களை இன்னும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்திக்கொண்டிருந்தாள்.

டாக்டர் காகிதத்தைக் காட்டினார். கோடு ஓரளவு சமமாகப் போய், கீச்சுச் சத்தங்கள் வரும் பக்கத்தில் விழுகிறது. வயதானால் மேல்சுருதிதான் முதலில் போகுமாம். ஹார்மோனியத்தின் வலதுகைப் பக்கக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதுபோல என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அதனால்தான் குக்குறுவான் இருந்தது. செம்போத்து இருந்தது.

பேருந்தில் அந்தக் காகிதத்தை மடியில் விரித்தபோது அடையாளம் தெரிந்தது. பள்ளிச் சுவரில் நான் மாட்டிய படம் இது. பதினொன்று, எட்டு, ஐந்து, இரண்டு. எத்தனை பிள்ளைகளை அதன் முன் நிறுத்தி விளக்கியிருக்கிறேன். காடு அழிகிறது பாருங்கள் என்று.

பிப்ரவரி 14, சனி

நாளை கூட்டம்.

ஒரு வழி இருக்கிறது. 'பிந்திய தகவல்: தேன்சிட்டு ஒன்று, கண்ணால் கண்டது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பொய்யில்லை. வாளியில் இருந்தது சுண்ணாம்பு என்று இன்னொரு வரி. அதுவும் பொய்யில்லை. குழந்தைவேல் தப்பிவிடுவான். என் காது என் வீட்டோடு இருக்கும். அடுத்த ஆண்டும் நானே கணக்கெடுக்கலாம்.

அந்த இரண்டு வரிகளையும் எழுதி வைத்துவிட்டேன். கையெழுத்து நன்றாகத்தான் வந்திருக்கிறது.

ஆனால் அடுத்த ஆண்டு வேறு யாருடைய தோட்டத்துக்கு நேரே முட்டை போடுவேன்? விடைத்தாள் திருத்துகிறவனுக்குக் கண் தெரியவில்லை என்றால் ஒரு பையனுக்கு மட்டும் மார்க்கைக் கூட்டிப் போட்டால் ஆயிற்றா? மிச்சத் தாள்களை என்ன செய்வது?

பிப்ரவரி 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காகிதத்தை உயர்த்திப் பிடித்து, எனக்குக் காது போய்விட்டது, தேன்சிட்டு போகவில்லை என்றேன். சில்வண்டும் போகவில்லை என்றேன். ஐந்து ஆண்டுக் கணக்கும் தப்பு, பள்ளிச் சுவரில் உள்ள படத்தையும் கழற்ற வேண்டும் என்றேன். குழந்தைவேல் அடித்தது சுண்ணாம்பு என்றேன்.

யாரும் பேசவில்லை. பேசவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரத்தில் ரோஸ்லின் டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டார். "எனக்குக் கேட்டுச்சு சார். நாவல் மரத்தடியில நல்லாவே கேட்டுச்சு. நீங்க இல்லன்னதும் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன்."

குழந்தைவேல் எழுந்து நடுவழியாக நடந்து என் எதிரே வந்து நின்றான். எல்லோரும் எதிரே வந்து நிற்கும் ஆள் ஆகிவிட்டேன்.

"வாத்தியாரே, நான் இப்பப் பேசுறது கேக்குதா?"

"கேக்குது."

"நல்லா?"

"நல்லா கேக்குது."

"அப்பச் சரி" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினான். அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது. பெண்கள் எழுந்து வெளியே போனார்கள். தலைவர் ஒருமுறை அவன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒரு சொல்லும் எனக்குத் தப்பவில்லை.

அவன் மூட்டைகளை லாரியில் ஏற்ற முடிவானது. இந்த ஆண்டுக் கணக்கை மறுபடி எடுத்து அனுப்ப வேண்டும். யார் எடுப்பது என்று தலைவர் கேட்டபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

காதுக் கருவி மாட்டிப் பார்க்கச் சொன்னார்கள். மாட்டினேன். நாளிதழ் பக்கம் திருப்பினால் ஓலைக்கூரை சரிவதுபோல் இருக்கிறது. என் சட்டையே என்னோடு பேசுகிறது. வள்ளிமயில் பாத்திரம் கழுவினால் தலை வெடிக்கிறது. பக்கத்து வீட்டு வாழைப்பூவுக்குத் தேன்சிட்டு வந்தது. பேச்சியம்மாவிடம் கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் அதன் எதிரே நின்றேன். அலகு திறந்தது, மூடியது. சில சத்தங்கள் எந்தக் கருவிக்கும் எட்டாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் எரிச்சலாக இருந்தது.

குழந்தைவேல் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அதற்குக் காது தேவையில்லை.

மார்ச் 7, சனி

மறு கணக்கெடுப்பு. டீச்சர் மட்டும் போவதாக ஏற்பாடு. விடியுமுன் வந்து கதவைத் தட்டி, "பறவையைப் பார்த்தா பேர் சொல்ல நீங்க வேணும் சார்" என்று கட்டாயப்படுத்தினார். சோலை முகப்பில் ஒருவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றான். குழந்தைவேல்.

"நீ எங்கய்யா?" என்றேன்.

எதிரே வந்து நின்றான். "எம் பேருக்கு நேரா போட்ட முட்டையை நானே பக்கத்துல நின்னு அழிக்கணும்ல? உன்னை நம்பி விட முடியுமா?" பிறகு சொன்னான்: "எனக்கு என்ன குருவின்னெல்லாம் தெரியாது. சத்தம் வந்தாத் தட்டுவேன். பேரு நீ வச்சுக்க."

ஓடைப் பாலத்தில் எனக்குப் பின்னால் நின்றான். இடது தோளில் ஒரு தட்டு. இடப்பக்கம் பார்த்தேன். புல்லுருவிப் பூவில் ஒரு பெண் தேன்சிட்டு, சாம்பலும் பச்சையுமாக, சத்தமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சொன்னேன். டீச்சர் எழுதினார். நாவல் மரத்தடியில் வலது தோளில் இரண்டு தட்டு. ஓர் ஆண், அதன் பின்னாலேயே இன்னொன்று. வழுக்குப்பாறை போகும் வழியில் தட்டவில்லை. சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். பாதையில் காட்டுமாடு நின்றது. அது போகும்வரை மூவரும் மூச்சு விடவில்லை.

பாறையில் நின்றபோது வெயில் ஏறிவிட்டது. தோளில் ஒரு தட்டு. பார்த்தேன், ஒன்றுமில்லை. மறுபடி தட்டினான். பார்த்தேன். இரண்டு தோளிலும் மாறி மாறித் தவில் அடிப்பதுபோல் விடாமல் தட்டத் தொடங்கிவிட்டான். நான் இந்த மரம், அந்த மரம் என்று கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"எங்கய்யா? எதுய்யா? ஒண்ணும் தெரியலையே!"

குழந்தைவேல் முன்னால் வந்து நின்று, எனக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னான்:

"சில்வண்டு. அதையும்தானே என் கணக்குல எழுதுன? எண்ணிக்க."

வீடு வந்து சேர்ந்து வெகுநேரம் ஆகிறது. தோள் இன்னும் வலிக்கிறது.